தறிக்கூடத்தின் கணக்கில் வராத மணி நேரங்கள்: மிகைநேர ஊதியத்தை மீட்பதற்கான சட்ட வழிகள்

ஆரணிப் பட்டின் விலை பேசப்படும்போது சேலையின் எடை பேசப்படுகிறது, ஜரிகையின் தரம் பேசப்படுகிறது. அந்தச் சேலையை நெய்து முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பது மட்டும் பேசப்படுவதில்லை. கூலி சேலைக்கு இவ்வளவு என்று முடிவாகிறது; நேரம் தொழிலாளியின் சொந்தக் கணக்கில் விழுகிறது. விடியலில் தறிக்குழியில் இறங்கி, இருட்டிய பிறகு ஏறுகிறவருக்கு 'மிகைநேரம்' என்ற சொல்லே அந்நியமாகத் தோன்றும்படி இந்த ஏற்பாடு அமைந்துள்ளது. கடிகாரம் இல்லாத இடத்தில் மிகைநேரமும் இல்லை என்பதே முதலாளி தரப்பின் வாதம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. செலுத்தப்படாத மிகைநேர ஊதியம் என்பது தொழிலாளிக்கு முதலாளி பட்டிருக்கும் கடன். அதனைக் கணக்கிடவும், கோரவும், வருவாய்த்துறை வழியாக வசூலிக்கவும் வழிகள் உள்ளன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் அவ்வழிகளில் சில அகன்றுள்ளன, சில குறுகியுள்ளன. ஆரணி வட்டாரத்தை முன்வைத்து அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் தொழிலாளி?

ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுப்புற நெசவூர்களிலும் பட்டுத்தொழில் செய்வோர் அனைவரும் ஒரே சட்ட நிலையில் இல்லை. முதலில் இதனைப் பிரித்தறிய வேண்டும்.

சொந்தத் தறியில் சொந்த நூலைக் கொண்டு நெய்து சந்தையில் விற்பவர் சுயதொழிலாளர். அவருக்கு மிகைநேர ஊதியம் கோர எதிர்த்தரப்பு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருந்து நூல் வாங்கி நெய்பவரின் நிலை சங்கத்தின் துணைவிதிகளைப் பொறுத்தது. மாஸ்டர் வீவர் எனப்படும் பட்டு முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் ஜரிகையும் பெற்றுத் தம் வீட்டிலேயே கூலிக்கு நெய்பவர் வெளிப்பணியாளர். முதலாளியின் தறிக்கூடத்தில், முதலாளியின் தறியில், முதலாளி சொல்லும் வடிவத்தை நெய்பவர் ஐயத்துக்கு இடமின்றித் தொழிலாளி. தார் சுற்றும் பெண்கள், பாவு பிணைப்பவர்கள், சாயப்பட்டறையில் கொதிநீரில் பட்டை முக்கி எடுப்பவர்கள் ஆகியோரும் அப்படியே. ஆரணியின் இன்னொரு பெருந்தொழிலான அரிசி ஆலைகளில் நெல் அவிப்பவர்களும் மூட்டை தூக்குபவர்களும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

தறியும் தறிக்கூடமும் குடியிருக்கும் வீடும் யாருக்குச் சொந்தம் என்ற கோடு, பெரும்பாலும் சாதிக்கோட்டை ஒட்டியே செல்கிறது. உழைப்பை மட்டுமே கொண்டுவரும் தலித் குடும்பம் கூலியை முதலாளியிடம் பெறுகிறது, முன்பணத்தை முதலாளியிடம் பெறுகிறது, சில இடங்களில் கூரையையும் முதலாளியிடமே பெறுகிறது. எனவே கூலி கேட்பது என்பது மூன்றையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகிறது. மிகைநேர ஊதியக் கோரிக்கைகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கூறுவோர் இந்தப் பணயத்தைக் காண மறுக்கிறார்கள்.

எட்டு மணி நேரம் யார் தந்தது?

இந்தியாவில் முதல் மே நாளை 1923 இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியபோது, 1922 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்கலாம் என்ற நிலை இருந்தது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 54 ஆக்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் காலத்தில்தான், 1946 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அது 48 மணி நேரமானது. சாதி ஒழிப்பையும் வேலைநேரக் குறைப்பையும் தனித்தனிப் போராட்டங்களாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பதில்.

48 மணி நேர வாரமும், நாளொன்றுக்கு 9 மணி நேர உச்சவரம்பும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியமும் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் நிலைபெற்றன. அவற்றை அசைத்துப் பார்க்கும் முயற்சிகளும் தொடர்ந்தே வந்துள்ளன. கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு வெளியிட்ட அறிவிக்கை, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையை அனுமதித்ததோடு இரட்டிப்பு ஊதியத்தையும் நீக்கியது. குஜராத் மஸ்தூர் சபா தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. மனிதத்தன்மையுள்ள பணிநிலைமைகளையும் மிகைநேர ஊதியத்தையும் மறுப்பது, அரசமைப்பின் 21 ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமைக்கும் 23 ஆம் உறுப்பு வழங்கும் கட்டாய உழைப்புக்கு எதிரான உரிமைக்கும் புறம்பானது என்று அத்தீர்ப்பு கூறியது. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைத் திருத்தம், தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

மிகைநேர ஊதியத்துக்கு இன்று இரண்டு அடிப்படைகள் உள்ளன. ஒன்று, 2019 ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பின் 14 ஆம் பிரிவு: இயல்பான வேலைநாளின் மணிநேரத்தைக் கடந்து செய்யும் வேலைக்கு இயல்பான ஊதிய வீதத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும். மற்றொன்று, 2020 ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு: அதன் 25 ஆம் பிரிவு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது; 27 ஆம் பிரிவு இரட்டிப்பு ஊதியத்தைக் கட்டாயமாக்குவதோடு, தொழிலாளியின் ஒப்புதலின்றி மிகைநேர வேலை வாங்கக்கூடாது என்றும் கூறுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆரணிக்கு முக்கியமானது. பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தும். 'தொழிற்சாலை' என்ற தகுதிக்கு, மின்விசை உள்ள இடத்தில் முன்பு 10 தொழிலாளர்கள் போதும், இப்போது 20 பேர் வேண்டும். மின்விசை இல்லாத இடத்தில் முன்பு 20 பேர், இப்போது 40 பேர். நான்கு தறி, ஆறு தறி உள்ள தறிக்கூடங்கள் முன்பும் இதற்குள் வரவில்லை. நடுத்தர அளவிலான கூடங்களும் ஆலைகளும் இப்போது வெளியே தள்ளப்படுகின்றன. ஊதியச் சட்டத்தொகுப்புக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரே ஒரு கூலி நெசவாளர் உள்ள இடத்துக்கும் அது பொருந்தும். ஆகவே சிறிய தறிக்கூடத்துத் தொழிலாளியின் கோரிக்கை ஊதியச் சட்டத்தொகுப்பின் மீதே எழுப்பப்பட வேண்டும்.

ஒரு பின்னடைவையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1948 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பொருளைப் பெற்றுத் தம் வீட்டில் வேலை செய்து தரும் வெளிப்பணியாளரைத் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. புதிய ஊதியச் சட்டத்தொகுப்பின் வரையறையில் அந்தச் சொற்கள் இல்லை. வீட்டில் கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் இனி, முதலாளியின் கட்டுப்பாடு எந்த அளவுக்கு உள்ளது என்பதை மெய்ப்பித்தே உரிமையை நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

சேலைக்குக் கூலி என்றால் மிகைநேரம் இல்லையா?

முதலாளி தரப்பின் வலுவான வாதம் இதுதான்: "நாங்கள் நாளுக்குக் கூலி தரவில்லை, சேலைக்குத் தருகிறோம்; எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது எங்கள் கவலையில்லை." இதில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. துண்டுக் கூலி பெறுபவர் தொழிலாளியா என்பது ஒன்று. அவருக்கு மிகைநேர ஊதியம் உண்டா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் முன்பே விடை கூறிவிட்டன. 1957 இல் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், எடுத்துத் தரும் உப்பின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற அகாரியாக்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1961 இல் பிர்திசந்த் சர்மா வழக்கில், தொழிற்சாலைக்கு வந்து எண்ணிக்கைக்குக் கூலி பெற்றுப் பீடி சுற்றியவர்கள் குறித்தும், 1973 இல் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையல்காரர்கள் குறித்தும் அதே முடிவு எட்டப்பட்டது. வேலையின் முறையைத் தீர்மானிக்கவும், பிழையான வேலையை நிராகரிக்கவும் முதலாளிக்கு உரிமை உள்ளதா என்பதே உரைகல். வடிவத்தை முதலாளி தருகிறார், நெசவில் குறை கண்டால் கூலியைப் பிடிக்கிறார் என்றால், அந்தப் பிடித்தமே வேலையளிப்பவர் யார் என்பதற்குச் சான்றாகிறது.

இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது. ஊதியச் சட்டத்தொகுப்பின் 14 ஆம் பிரிவு, மணி, நாள் அல்லது அதற்கு நீண்ட காலத்தின் அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டவர்களைப் பற்றியே பேசுகிறது. ஆனால் துண்டு வேலைக்குத் தனி வீதம் நிர்ணயிக்கப்படாமல் நேர வீதம் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அந்த நேர வீதத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அதே தொகுப்பின் 12 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே தங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்துள்ள நேர வீதம் எது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, அதன் மீது மிகைநேரக் கணக்கை எழுப்ப வேண்டும். துண்டுக் கூலியை நேரக் கூலியாக மாற்றுவதற்கு 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59(3) பிரிவு ஒரு முறையைத் தந்திருந்தது: முந்தைய மாதத்தில் அதே வேலையில் ஈட்டிய முழுநேர வருமானத்தின் நாள் சராசரியை, மிகைநேர வருவாய் நீங்கலாக, எடுத்துக்கொள்வது. 2025 நவம்பருக்கு முந்தைய காலத்துக்கான தொழிற்சாலைத் தொழிலாளர் கோரிக்கைகளுக்கு அதுவே சட்டம். பிந்தைய காலத்துக்கு அது பின்பற்றத்தக்க முன்மாதிரி.

கணக்கைப் போடுவது எப்படி?

விளக்கத்துக்காக மட்டும் இரண்டு கற்பனைக் கணக்குகளைத் தருகிறோம்.

ஒன்று, அரிசி ஆலைத் தொழிலாளி. எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60 ரூபாய். உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 11 மணி நேரம் வேலை வாங்கப்பட்டு, கூடுதல் நேரத்துக்கு எதுவும் தரப்படவில்லை எனக் கொள்வோம். மிகைநேரம் 3 மணி. இரட்டிப்பு வீதம் 120 ரூபாய். நாளொன்றுக்கு 360 ரூபாய். மாதம் 26 நாட்களுக்கு 9,360 ரூபாய். ஓராண்டுக்கு 1,12,320 ரூபாய்.

இரண்டு, கூலி நெசவாளர். ஒரு சேலைக்கு 6,600 ரூபாய் கூலி; நாளொன்றுக்கு 11 மணி நேரம் வீதம் 12 நாட்களில் முடிகிறது. மொத்தம் 132 மணி. மணிக்கு 50 ரூபாய். இதில் 36 மணி மிகைநேரம். அந்த 36 மணிக்கு ஒரு மடங்கு ஏற்கெனவே கூலியில் அடங்கியுள்ளது என்று கொண்டாலும், இன்னொரு மடங்கான 1,800 ரூபாய் நிலுவை.

இரண்டாவது கணக்கு இதோடு முடிவதில்லை. கோர்வைச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது. மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவியாகவோ, பள்ளி செல்ல வேண்டிய பிள்ளையாகவோ இருக்கிறார். அவருக்குத் தனிக் கூலி இல்லை. இருவரின் உழைப்பையும் சேர்த்தால் 264 மணி. மணிக்கு 25 ரூபாய். பாவு பிணைக்கும் நாட்களையும், நூலுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் அது மேலும் குறையும். அந்த வீதம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே விழுமானால், முதலில் கோர வேண்டியது மிகைநேர ஊதியத்தை அல்ல, குறைந்தபட்ச ஊதியத்தின் பற்றாக்குறையை. மிகைநேரக் கணக்கு அதன் மீதே வர வேண்டும்.

முன்பணம் இருந்தால்

"முன்பணம் பாக்கி இருக்கிறது, முதலில் அதைக் கட்டு" என்ற சொல்லோடு பல கோரிக்கைகள் முடிந்துவிடுகின்றன. உண்மையில் வழக்கு அங்கேதான் வேறு தளத்துக்கு மாறுகிறது.

1982 இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பாக மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான கழகம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது 23 ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொருளாதார நெருக்கடியும் ஒரு வகைக் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு மெய்ப்பிக்கப்பட்டால் அது முன்பணத்துக்கு ஈடாகப் பெறப்படுவதாகவே அனுமானிக்கப்பட வேண்டும் என்றும், இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது முதலாளியே என்றும் கூறப்பட்டது.

1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் ஒழிந்துபோன கடன். அதனை வசூலிக்க எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, 15 ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவரையே சாரும். முன்பணம் காரணமாக வேறிடத்துக்கு வேலைக்குச் செல்லும் உரிமை பறிக்கப்பட்டிருந்தால், தொழிலாளர் துறையில் ஊதிய மனு தருவதோடு, மாவட்ட ஆட்சியருக்கும் ஆரணி வருவாய்க் கோட்டாட்சியருக்கும் விடுவிப்பு கோரி மனு தர வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை வெட்டி வேலைக்கோ கொத்தடிமை உழைப்புக்கோ உட்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவின்படி தனிக் குற்றம். கூலி கேட்டவரைப் பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் அச்சட்டப்படி குற்றமே. ஊதிய மனு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி முதல் தகவல் அறிக்கை பதிவதைத் தள்ளிப்போட முடியாது.

தறியில் குழந்தை இருந்தால் அது இன்னும் பெரிய குற்றம். பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதை, காஞ்சிபுரம் உள்ளிட்ட இடங்களில் விசாரித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 இல் அறிக்கையாக வெளியிட்டது. அக்குழந்தைகளில் தலித்துகளும் முஸ்லிம்களும் மிகுதி என்பதையும் அது பதிவு செய்தது.

எங்கே, எப்போது, யார் மனு செய்வது?

ஊதியச் சட்டத்தொகுப்பின் 45 ஆம் பிரிவின்படி, இதற்கென அரசு நியமிக்கும் அதிகாரியிடம் மனு செய்யலாம். தொழிலாளி தாமே செய்யலாம், அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கம் செய்யலாம், ஆய்வாளரும் செய்யலாம். ஒரே மனுவில் எத்தனை தொழிலாளர்களும் சேரலாம். ஒருவரைத் தனித்து அடையாளம் கண்டு பழிவாங்குவதைத் தடுக்கும் நடைமுறை வழி இதுவே என்பதால், கூட்டு மனுவையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

கால வரம்பு மூன்று ஆண்டுகள். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் அது ஆறு மாதமாகவும், ஊதியம் வழங்கல் சட்டத்தில் பன்னிரண்டு மாதமாகவும் இருந்தது. புதிய தொகுப்பில் தொழிலாளிக்குக் கிடைத்த தெளிவான முன்னேற்றம் இது. நிலுவைத் தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உத்தரவிட்டும் முதலாளி செலுத்தாவிட்டால், வசூல் சான்றிதழ் மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும்; நில வருவாய் நிலுவையைப் போல அது வசூலிக்கப்படும். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாட்கள் உண்டு.

பழைய நிலுவைகளுக்கு இன்னொரு பாதையும் இருந்தது. 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி(2) பிரிவின்படி, ஏற்கெனவே உள்ள உரிமையைப் பணமாகக் கணக்கிட்டுத் தருமாறு தொழிலாளர் நீதிமன்றத்தை நாடலாம். அத்தானி நகராட்சித் தொழிலாளர்கள் மிகைநேர ஊதியமும் ஓய்வுநாள் வேலைக்கான ஊதியமும் கோரிய வழக்கில், 1969 இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதையை உறுதிசெய்தது. காலவரையறைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்றும் கூறியது. ஆனால் உரிமையே மறுக்கப்படும் இடத்தில் அங்கே போக முடியாது. கணக்கில் மட்டும் தகராறு இருக்கும் இடத்தில்தான் அது பயன்படும். 2020 ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் 59 ஆம் பிரிவு இன்று அதன் இடத்தில் உள்ளது.

சான்றுகள்

ஊதியச் சட்டத்தொகுப்பின் 59 ஆம் பிரிவின்படி, ஊதியம் செலுத்தப்பட்டுவிட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. ஆனால் இத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்ற தொடக்கச் சான்றைத் தொழிலாளி தந்தாக வேண்டும். நடைமுறையில் கைகொடுப்பவை இவை:

பாவும் ஜரிகையும் கொடுத்து வாங்கியதற்கான பாஸ்புத்தகம், துண்டுச் சீட்டுகள். அவற்றில் உள்ள எடையும் தேதியும் ஒரு சேலைக்கு எத்தனை நாட்கள் ஆயின என்பதைக் காட்டும்.

முதலாளியோ மேஸ்திரியோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், வேலை நேரத்தில் எடுத்த படங்கள்.

ஜிபே போன்ற செயலிகள் வழியாகவோ வங்கி வழியாகவோ வந்த கூலியின் விவரம்.

நாள்தோறும் தொழிலாளியே எழுதிவைத்த நேரக்குறிப்பு. பள்ளி நோட்டில் எழுதியது என்றாலும், அன்றன்றே எழுதப்பட்டது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. உடன் வேலை செய்பவர் ஒருவரும் தனியே எழுதிவைத்தால் மதிப்பு கூடும்.

வருகைப் பதிவேட்டையும் ஊதியப் பதிவேட்டையும் பராமரிப்பதும், ஊதியச் சீட்டு தருவதும் முதலாளியின் கடமை. மனுவோடு சேர்த்தே அப்பதிவேடுகளை வரவழைக்கக் கோர வேண்டும். அவர் தாக்கல் செய்யாவிட்டால் அவருக்கு எதிரான அனுமானத்தைக் கோரலாம்.

எதிர்வாதங்கள்

"தொழிலாளியே விரும்பிக் கூடுதல் நேரம் நெய்தார்" என்பது முதல் வாதம். ஒப்புதல் என்பது மிகைநேர வேலைக்குத்தான். ஊதியமின்றி வேலை செய்வதற்கு அல்ல. "எந்தப் பாக்கியும் இல்லை என்று கையெழுத்திட்டுள்ளார்" என்பது இரண்டாவது. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம், 60 ஆம் பிரிவின்படி, அந்த அளவுக்குச் செல்லாது. "நான் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டேன், அவரைக் கேளுங்கள்" என்பது மூன்றாவது. வேலையளிப்பவர் தரத் தவறினால் நிறுவனத்தின் உரிமையாளர் தர வேண்டும் என்று 43 ஆம் பிரிவு கூறுகிறது.

நான்காவது வாதம் சற்று நுட்பமானது: குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் பெறுபவருக்கு மிகைநேர இரட்டிப்பு இல்லை என்பது. 1998 இல் ஹட்டா நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய 14 ஆம் பிரிவு குறைந்தபட்ச ஊதியம் பெறுபவருக்கே பொருந்தும் என்று கூறியதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது தனி விதிகளின்படி உயர்ந்த ஊதிய விகிதம் பெற்ற நகராட்சிப் பணியாளர்களைப் பற்றியது. அதற்கு முன்பே, 1972 இல் மாமர்தே வழக்கில், இரட்டிப்பைக் கணக்கிட வேண்டியது தொழிலாளி உண்மையில் பெறும் ஊதியத்தின் மீதே என்று அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரண்டு தீர்ப்புகளையும் படித்தே விசாரணைக்குச் செல்ல வேண்டும்.

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிலாளர்கள், வெட்டி வேலைக்கு ஆளானவர்கள் ஆகியோர், 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணிலும், நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுக்களிலும் அதனைக் கோரலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை.

அதைவிட முன்னதாகச் செய்ய வேண்டியது கணக்கெழுதும் வேலை. ஒரு தெருவில் உள்ள கூலி நெசவாளர்களோடும் தார் சுற்றும் பெண்களோடும் அமர்ந்து, மூன்று மாதங்களுக்கு நேரக்குறிப்பை எழுதிவைக்கக் கல்லூரி மாணவர்களால் முடியும். யாருடைய பெயரில் முன்பணம் உள்ளது, எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து என்பதையும் அதே நோட்டில் எழுதலாம். மனு செய்வதா, எப்போது செய்வது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்யட்டும். வேலையும் வீடும் அவர்களுடையவை. அவர்கள் முடிவெடுக்கும் நாளில் கணக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே நம் பொறுப்பு. மூன்று ஆண்டு என்ற வரம்பு ஒவ்வொரு மாதமும் ஒரு மாதக் கூலியை விழுங்கிக்கொண்டே நகர்கிறது என்பதால், நோட்டை இந்த மாதமே திறக்க வேண்டும்.